என் அப்பாவுக்காக அப்பாத்துரை நின்ற காவல்

என் அப்பா குமரகுருபரன் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தார். ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தெருவிலிருந்து அதற்கு முன் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், மிஞ்சினால் டவுணில் ஒரு ஜவுளிக்கடை என்றுதான் போவார்கள். தாத்தா வயலையெல்லாம் விற்று முடித்திருந்த நேரம். பாளையங்கோட்டையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா வீட்டில் சொல்லாமலே போய் ஓடிக் காட்டிச் சேர்ந்துவிட்டார். கறி தின்னாதவன் அங்கே எப்படிப் பிழைப்பான் என்பதுதான் தெருவுக்குக் கவலை. அவர் பருப்பும் ரொட்டியும் தின்றே காஷ்மீரிலும் லடாக்கிலும் இருந்துவிட்டு, தொண்ணூற்றொன்றில் ஹவில்தாராக ஊர் திரும்பினார்.

அவர் சோம்பேறி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரும் அதை எழுதித் தரவில்லை.

ஊருக்கு வந்த மறு வருஷம் திருநெல்வேலி டவுணில் ஒரு வங்கியில் அவருக்குக் காவலர் வேலை கிடைத்தது. முன்னாள் ராணுவத்தாருக்கென்று ஒதுக்கிய வேலை. காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஆனால் தூங்கிவிடுவார். சும்மா கண் அயர்வது மாதிரி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். பணம் கட்ட வந்தவர்கள் குறட்டைச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். மேனேஜர் நல்ல மனிதர். பலமுறை கூப்பிட்டுச் சொன்னார். ஸ்டூலை எடுத்துவிட்டு நின்றுகொண்டே இருக்கச் சொன்னார். அப்பா சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார். ஒருநாள் மேனேஜர் அவர் கையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. அதோடு வேலை போயிற்று.

எங்கள் ஊர் டீக்கடையில் இது நெடுநாள் ஓடியது. “பட்டாளத்திலயும் இப்படித்தான் தூங்கியிருப்பாரு. பாகிஸ்தான்காரன் மதுரை வரைக்கும் வராம இருந்ததே நம்ம அதிர்ஷ்டம்லா” என்று ஒருவர் அப்பா காதுபடச் சொன்னார். அப்பாவும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை.

என்ன என்று கண்டுபிடித்தது பாளையங்கோட்டையில் ஒரு இளம் டாக்டர். டெல்லியில் படித்துவிட்டு வந்தவர். அப்பாவை ஓர் இரவு தங்க வைத்து, விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். மறுநாள் காலையில் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து விளக்கினார். தூங்கும்போது இவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நின்றுபோகிறது. உயிர் போய்விடுமோ என்று உடம்பு பதறி அவரை எழுப்புகிறது. மறுபடி தூங்குகிறார், மறுபடி அடைக்கிறது. விடிய விடிய இதேதான். இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். இப்படியே விட்டால் இருதயம் கெட்டுப்போகும். ராத்திரி மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு யந்திரம் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்.

அம்மாவுக்கு ஒன்றுதான் மனதில் நின்றது. “அப்போ இவங்க தூங்குறதே இல்லையா?” என்று கேட்டாள். சரியாகச் சொன்னால் அப்படித்தான் என்றார் டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து அம்மா ராத்திரியில் அப்பாவின் தோளை உலுக்கி மூச்சு வாங்க வைத்துக்கொண்டிருந்தாள். ஆம்பிளைகள் எல்லாருமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

யந்திரத்தை நினைத்துப் பார்க்கக்கூட எங்களால் முடியாது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வன்னியராஜ் என்று ஒரு குமாஸ்தா இருந்தார். அவர்தான் வழி சொன்னார். இந்த நோய் பட்டாளத்திலேயே வந்தது என்று ராணுவம் ஏற்றுக்கொண்டால் ஊனமுற்றோர் பென்ஷன் கிடைக்கும், வைத்தியமும் அவர்கள் பொறுப்பு. ஆனால் அப்பாவின் பட்டாளக் காகிதங்களில் எங்கேயும் நோய் இல்லை. வெளியே வரும்போது நடந்த கடைசி மருத்துவச் சோதனையில், ஏதாவது உபாதை உண்டா என்று கேட்டதற்கு அப்பா ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். ஏதாவது இருக்கிறது என்றால் ஆஸ்பத்திரியில் பிடித்துப் போட்டுவிடுவார்கள், ஊருக்குப் போவது தள்ளிப்போகும். வங்கிக் காவல் வேலைக்கும் உடம்பு சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ் வேண்டும்.

“அப்போ கூட இருந்த ஆளு யாராவது சாட்சி எழுதிக் கொடுத்தா வழியிருக்கு அண்ணாச்சி. பக்கத்துக் கட்டில்ல படுத்தவன் சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு உண்டு” என்றார் வன்னியராஜ்.

பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் அப்பாத்துரை. சாத்தான்குளத்துக்காரர், அப்பாவோடு ஒரே செக்சனில், பத்துப் பேர் கொண்ட அந்தச் சின்னக் குழுவில் இருந்தவர். நானும் அப்பாவும் அவரைப் பார்க்கப் போனோம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்ததால் அப்பா போகிற இடமெல்லாம் அம்மா என்னைக் கூட அனுப்பினாள். தனியாகப் போனால் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டித் தூங்கிப்போவார்.

பனை நடுவே வெயில் கொளுத்துகிற இடத்தில் அப்பாத்துரை மாமாவின் வீடு. கதவைத் திறந்ததும், “வாரும் வே பிள்ளைவாள், உயிரோடதான் இருக்கீரா?” என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி ஜெபகனி அத்தை எங்களுக்கென்று புதுச் சட்டி எடுத்துத் தனியாகச் சமைத்தாள். உம்ம பங்குக் கறியைத் தின்னுதான் நான் இந்த உடம்பை வளர்த்தேன் என்று மாமா வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அப்பா வந்த விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டார். நான்தான் சொன்னேன். மாமா உடனே பேச ஆரம்பித்துவிட்டார்.

“எங்க செக்சன்ல எதிரிக்குப் பயந்ததைவிட உங்க அப்பா கொறட்டைக்குத்தாம்மா பயந்தோம். அது கேட்டாலும் பயம், நின்னாலும் பயம். நின்னுதுன்னா ஆளு போயிட்டாரோன்னு எந்திரிச்சுப் பாக்கணும்லா.”

மலை மேலே பனியில் கூடாரம் போட்டிருந்தபோது அப்பாவின் காலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை மாமா தன் கையில் சுற்றிக்கொண்டு படுப்பாராம். சத்தம் நின்றால் இழுப்பார். அப்பா அங்கே போன பிறகுதான் இது இவ்வளவு மோசமானது என்றார். அப்பாவின் காவல் முறை வரும்போது பாதியிலேயே தூங்கிவிடுவார். காவலில் தூங்கினால் பட்டாளத்தில் விசாரணை, தண்டனை. அதனால் செக்சனில் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அப்பாவின் காவலை நின்றார்கள். அதிகம் நின்றது மாமாதான். ஒருமுறை ரோந்து வந்த சுபேதார் யார் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார்.

“குமரகுருபரன், சாப்னு சொன்னேன். பனிக்கு மூஞ்சிய மூடுற அந்தக் குல்லாயப் போட்டா எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சிதான்” என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவின் நோய் எந்தக் காகிதத்திலும் ஏறாமல் போனதற்கு அவரை நேசித்தவர்கள்தான் காரணம். அவர்கள் காட்டிக் கொடுத்திருந்தால் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள், இல்லை, ஜெயிலுக்கு. எது நடந்திருக்கும் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

மாமா மறுநாளே நோட்டரியிடம் போய்ச் சாட்சி எழுதிக் கொடுத்தார். கயிறு, கூடாரம், அப்பாவின் பெயரில் தான் நின்ற காவல், சுபேதாருக்குச் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதினார். காவலை எழுதவேண்டுமா என்று அப்பா பைய இழுத்தார். உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் நிற்கும் என்று சொல்லி மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

பல மாதம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராணுவ மருத்துவமனை ஒன்றிலிருந்து அப்பாவைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். தொண்ணூற்றேழு கடைசி அது. அங்கே அப்பாவைச் சோதித்த மேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். நோய் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். பட்டாளச் சட்டை போட்ட ஒருவர் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

பிறகு மேஜர் மாமாவின் சாட்சியை வாசித்தார். பாதியில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மீதியை வாசித்தார்.

“இதை எழுதினவர் இன்னும் பென்ஷன் வாங்கறாரா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றார் அப்பா.

இது சாட்சி இல்லை, குற்றத்தை ஒத்துக்கொள்வது என்றார் மேஜர். காவலில் நின்ற ஒரு சிப்பாய் வேறொருவன் பெயரைச் சொல்லி அதிகாரியை ஏமாற்றியிருக்கிறான் என்று மேலே இருப்பவர்கள் வாசிப்பார்கள். கேள்வி கேட்டு அவர் வீட்டுக்குக் கடிதம் போகும். விசாரணை முடிகிறவரை பென்ஷனை நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள். “நடக்கும்னு சொல்லலை. நடக்காதுன்னும் என்னால சொல்ல முடியாது.”

காவலை விட்டுவிட்டுக் குறட்டையை மட்டும் எழுதி வாங்கி வரட்டுமா என்று நான் கேட்டேன். மேஜர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். குறட்டை விடாத சிப்பாய் யார் இருக்கிறான்? வேலை செய்ய முடியாத அளவுக்கு நோய் அப்போதே இருந்தது என்று காட்டினால்தான் கேஸ் நிற்கும். அதைக் காட்டுவது அந்தக் காவல் ஒன்றுதான். இதை அனுப்புவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்று காகிதத்தை மேசை நடுவில் வைத்தார்.

அப்பா யோசிக்கக்கூட இல்லை. எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“யப்பா, மாமா தெரிஞ்சுதான எழுதிக் கொடுத்தாங்க” என்றேன்.

“அவன் எனக்காக நின்னது போதும்” என்றார் அப்பா.

மேஜர் தன் காகிதத்தில் எழுதினார். நோய் உண்டு, பணியில் இருந்தபோது இருந்ததற்கு ஆதாரம் இல்லை. எழுதிவிட்டு எழுந்து நின்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். உடம்பைக் குறையுங்கள், ஒருக்களித்துப் படுங்கள் என்றார். மல்லாந்து படுக்கவே கூடாது என்று என்னிடமும் ஒருமுறை சொன்னார். தீர்ப்பு பிற்பாடு தபாலில் வரும். வந்து என்ன, எங்களுக்குத் தெரிந்ததுதான்.

நாகர்கோவிலில் பஸ் மாறினோம். நல்ல மத்தியானம். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் அப்பாவின் வாய் திறந்துகொண்டது. குறட்டை பஸ் முழுக்கக் கேட்டது. திடீரென்று நின்றது. முன்சீட்டில் பிள்ளையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் உலுக்குவதற்குள் அவரே பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தார். தலை இடப்பக்கம் சரிந்து பாதையில் தொங்கியது.

டிக்கெட் போட்டுக்கொண்டு வந்த கண்டக்டர் நின்றார். “ஏ பிள்ள, உங்க அப்பாவா? பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டாரா? வாந்தி எடுத்தாருன்னா நீதான் கழுவணும் பாத்துக்க.”

“இல்ல, அவங்களுக்கு ஒரு சீக்கு…” என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் அப்பா விழித்துவிட்டார்.

“கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி. வாந்தியெல்லாம் எடுக்க மாட்டேன்” என்றார்.

கண்டக்டர் சிரித்துவிட்டு, சரி பெரியவரே, பைய இரும் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். முன்சீட்டுப் பெண் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் குடித்ததில்லை. அப்பா பட்டாளத்திலும் தொட்டதில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவர் காதருகே கேட்டேன்.

“அதுன்னா அவங்களுக்குப் புரியுது. விடும்மா” என்றார்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். நாங்குநேரி வருவதற்குள் கை நழுவிவிட்டது.