ஐடெல்லாவின் இடது கை

ஐடெல்லா ப்ரூவிட்டைச் சபையை விட்டு நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்த வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவளோ வழக்கம்போல வெள்ளைக்காரர்களின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

முந்தின ஞாயிறு பாஸ்டர் கேஸ்கின் மேடையிலேயே சொல்லிவிட்டார்: "நம்ம சபையில ஒருத்தர் சனிக்கிழமை பிசாசுக்கு வாசிச்சிட்டு, மறுநாள் காலைல கர்த்தருக்கு வாசிக்கிறாங்க. அடுத்த வாரம் பேரைச் சொல்லுவேன்." கோள் மூட்டியவர் மூப்பர் ராஸ்கோ டில்மன். அந்த மனிதருக்கு அடுத்தவர் பாவத்தை எண்ணாவிட்டால் பொழுது போகாது.

ஐடெல்லா பன்னிரண்டு வயதில் ஆர்கன்சாவிலிருந்து கேன்சஸ் சிட்டிக்கு வந்தவள். நோட்டு பார்த்து வாசிக்க யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாம் காதால் பிடித்தது. புருஷன் இறைச்சி ஆலையில் செத்துப்போனபோது அவளைத் தாங்கியது எங்கள் கறுப்பர் சபைதான். பதினோரு வருடமாகச் சபைப் பியானோ அவள் கையில்; சனிக்கிழமை ராத்திரி டான்ஸ் ஹால் பியானோவும் அவள் கையில்தான். சபையையும் பிடுங்கிவிட்டால் அந்தத் தெருவில் அவளோடு பேச ஒரு நாதி இருக்காது.

"அந்த டான்ஸ் ஹாலை விட்டுத் தொலையேன்டி," என்றேன்.

"இங்க பாஸ்டர் பின்னாடி நான் போறேன், வெர்னீஸ். அங்க எல்லாரும் என் பின்னாடி வர்றாங்க. ரெண்டும் எனக்கு வேணும்டி."

"முதல்ல இங்க இருக்கிறதைக் காப்பாத்திக்க. தத்துவம் அப்புறம் பேசலாம்."

அவள் கையில் இஸ்திரிப் பெட்டி வேகமாக ஓடியது. அவளுக்கும் பயம்தான் என்று அப்போது புரிந்தது.

ஞாயிறு வந்தது. பாடகர் வரிசையில் பியானோவுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. பாஸ்டரின் பைபிளுக்குள் மடித்த காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசங்கம் சூடேறினால் பாஸ்டரின் பேச்சு பாட்டாகிவிடும். அந்தச் சுருதியைப் பிடித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பியானோ பதில் சொல்ல வேண்டும். அன்று அவர் கத்தினார், அவள் பதில் சொன்னாள், சபையே எழுந்து ஆடியது. அந்த வேகத்தில் ஐடெல்லாவின் இடது கை அவளை மீறிவிட்டது. சனிக்கிழமை ஹாலில் வாசிக்கும் துண்டு ஒன்று, நாலே நாலு அடி, சபைக்குள் ஓடிவந்தது.

அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

ஆனால் மூப்பர்களின் பெஞ்சில் கண்ணை மூடிப் பரவசமாய் இருந்த ராஸ்கோ டில்மன் இரண்டு முறை தரையை மிதித்து, "இன்னொரு சுத்து, ஐடெல்லா!" என்று கத்தினார்.

சபையில் அவளை யாரும் சிஸ்டர் போடாமல் கூப்பிட்டதில்லை. ஹாலில்தான் அந்தத் துண்டு முடிந்ததும் அப்படி மிதித்துக் கத்துவார்கள். டில்மன் கண்ணைத் திறந்தபோது அவர் மனைவியின் கைவிசிறி நின்றிருந்தது.

பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பேருதான் எழுதி வெச்சிருந்தேன், மூப்பரே. இப்ப ரெண்டாயிடுச்சு." காகிதத்தைக் கையில் எடுத்தார். "எல்லாரும் உக்காருங்க. இப்ப வாசிச்ச பாட்டு என்னன்னு தெரியாதவங்க மட்டும் எந்திரிங்க. இந்த சிஸ்டரை என்ன செய்யணும்னு அவங்க சொல்லட்டும்."

நாலு கிழவிகள் மட்டும் எழுந்தார்கள். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது.

பாஸ்டர் காத்திருந்தார். எழுந்த கிழவிகள் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவர் காகிதத்தைத் திரும்ப பைபிளுக்குள் செருகினார். "கடைசிப் பாட்டு, சிஸ்டர் ஐடெல்லா."

அவள் வாசித்தாள். பாட்டு முழுக்கத் தப்பும் தவறுமாய் வந்தது. பதினோரு வருடத்தில் அவள் தப்பாக வாசித்தது அன்று ஒரு நாள்தான். பாடுவதற்குக்கூட என்னால் எழ முடியவில்லை. டில்மன் தரையை மிதித்தபோது, கூடவே மிதிக்கப் போன என் காலை மறுகாலால் அழுத்திப் பிடித்திருந்தேன். அதை இன்னும் விடவில்லை.