கட்டிலடி ஈரம்

நாய்க்குட்டி வளர்ப்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பியிருந்த காலம் மொத்தம் ஒரு நாள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் ரயில். மாரிகுப்பத்தில் காலை முதல் வண்டி ஏறி பெங்களூருக்குப் போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரையும் லிஃப்டையும் பார்த்துக்கொள்கிறவன் நான். போகவர வண்டியில் உட்காரும் நேரமெல்லாம் கைப்பேசியில் வீடியோ. அப்படிக் கற்ற அறிவை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், குடியிருப்பில் ஓர் அம்மா வீட்டு நாய் போட்ட குட்டிகளில் கடைசியாக மிஞ்சியதை வாங்கிக்கொண்டேன். கூடவே பாதிப் பாக்கெட் தீனியும் கொடுத்தார். தோள்பையில் குட்டியை வைத்து, ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஊருக்கு வந்தேன். பங்காருபேட்டை வருவதற்குள் என் சாப்பாட்டு டப்பாவின் மேல் முதல் மூத்திரம் போய்விட்டது. எதிர் சீட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தடவை எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

வீட்டில் மூன்று பேர். நான், மனைவி, என் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு, நெஞ்சு நிறையக் கல்தூளோடு ஓய்வுபெற்றவர். முன்னறைக் கட்டில் அவருடையது. பத்தடி நடந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். எங்களுடையது சுரங்கக் கம்பெனி காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. கக்கூஸ் பின்கட்டைத் தாண்டி, சந்தின் கோடியில் இருக்கிறது.

பையைத் திறந்து குட்டியை வெளியே விட்டதும் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இருக்கட்டும். ஆனா ஊட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாம கத்துக்கணும். கத்துக்கலன்னா வேற எடம் பாத்துடணும்."

"நானே தொடைக்கிறேன்மே."

"நீ இருட்டுல போய் இருட்டுல வர்றவன். எப்பய்யா தொடைப்ப, ரயில்லயா?"

நைனா கட்டிலிலிருந்து குனிந்து குட்டியைப் பார்த்தார். "இன்னாடா, அடக்கத் தெரியாதா ஒனக்கு? நாங்கல்லாம் ஒரு ஷிப்ட் முழுக்க அடக்கினு இருந்தவங்க. மேல கேஜ் வந்து ஏறுற வரைக்கும்." சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக்கூண்டுதான் கேஜ். குட்டி அதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, அவர் செருப்பின் மேல் போனது. நைனா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

அடுத்தது தீனி. பழைய தீனியில் கால் பங்கு குறைத்து, புதியதைக் கால் பங்கு சேர்த்து, ஒரு வாரத்தில் மெதுவாக மாற்ற வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். நான் அந்த வாரத்தை ஒரே வேளையாகச் சுருக்கினேன். லிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்குப் படிப்படியாக ஏறுவதெல்லாம் ஒத்துவராது. கேழ்வரகுக் களியை எலும்புச் சாற்றில் கரைத்து வைத்தேன். குட்டி தட்டை நக்கி நக்கிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனது. நான் பெருமையாகத் தூங்கப் போனேன்.

விடியும்போது வீட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டிலடி, அம்மிக்கல், என் வேலைப் பை, எதுவும் தப்பவில்லை. மனைவி துடைப்பமும் வாளியுமாக நின்றாள்.

"உன் வீடியோல இத்த காட்னாங்களா?"

"இது அடுத்த பாகத்துல வரும்மே" என்றேன். வாளித் தண்ணீரில் பாதி என் மேல் வந்தது.

அதற்குப் பிறகு நல்ல பிள்ளையாக மாற்றினேன். மிச்சமிருந்த பாக்கெட் தீனியோடு ஒரு கரண்டி குழைந்த சோறு, மறுநாள் ஒன்றரைக் கரண்டி, அதற்கடுத்த நாள் கொஞ்சம் தயிர். வயிறு கட்டுக்கு வந்தது. பழக்குகிற வேலையை நைனா எடுத்துக்கொண்டார். சுரங்கத்தில் கேஜை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் மணியடிக்கிற கணக்கு ஒன்று உண்டு. அதே கணக்கில் அவர் கைத்தடியால் தரையில் தட்டுவார். குட்டி சாப்பிட்டு முடித்தால் ஒரு தட்டு, தூங்கி எழுந்தால் ஒரு தட்டு. இரண்டே வாரத்தில், தடிச் சத்தம் கேட்டால் குட்டி பின்கட்டுக்கு ஓடி, சந்தில் காரியத்தை முடித்துவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. மூன்றாவது வாரம் முழுக்கத் தரை காய்ந்தே இருந்தது. நான் ரயிலில் நாலு பேருக்கு அறிவுரை சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் முதல் வண்டிக்குக் கிளம்பும்போது, நைனாவின் கட்டில்காலுக்குப் பக்கத்தில் என் கால் ஈரத்தில் பட்டது.

முந்தின நாள்தான் சோற்றில் ஈரல் சேர்க்க ஆரம்பித்திருந்தேன். ஆக, ஈரல்தான் குற்றவாளி. ஈரலை நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஈரம். தயிரை நிறுத்தினேன். மறுபடியும். முட்டை, பிறகு வெறும் கஞ்சி, பிறகு கடன் சொல்லி வாங்கிய வேறொரு பாக்கெட் தீனி. எதை மாற்றினாலும் ஈரம் வந்தது. நான் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்ததில் குட்டியின் வயிறு உண்மையாகவே கெட்டது. பகலில் பின்கட்டுவரை ஓடுவதற்குள் வாசற்படியிலேயே போய்விடும். போய்விட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்கும். அந்தப் பாவம் முழுக்க என்னுடையது. கணக்கு குட்டியின் பேரில் ஏறியது.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். காலை ஈரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "ஏன்ரீ, இது நாய் மரியா, எம்மே கருவா?" என்றார் கன்னடத்தில். நாய்க்குட்டியா எருமைக் கன்றா என்று கேட்கிறார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பதில் என் கையகலத்தில் இருந்தது. நான் அதைப் பிடித்துக் காட்டிக்கொண்டு நகைச்சுவை ரசித்துக்கொண்டிருந்தேன்.

"ராவுல அத்த பின்னால கட்டிப் போடு" என்றாள் மனைவி.

"வேணாம்மா. குளிருது. கட்டிலுக்கடியிலயே இருக்கட்டும்" என்றார் நைனா.

அவர் அப்படிச் சொன்னதும் மனைவி எதிர்த்துப் பேசவில்லை. மாமனாருக்கு ஒரு துணை கிடைத்தது என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

ஒரு காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஈரத்தில் வழுக்கி முழங்கால் அடிபட்டு, வண்டியும் தவறும் நிலைமை. குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, ஈரத்துக்கு நேரே மூஞ்சியைக் காட்டி, "இது இன்னா? இது இன்னா?" என்று கத்தினேன். அது ஈரத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி நைனாவைப் பார்த்தது. "பாரு நைனா, சிபாரிசுக்கு ஆள் தேடுது" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"உடுடா. கொழந்ததானே அது."

மனைவி அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடைத்து முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வரைக்கும்" என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை காலை ஈரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஈரம்.

ரயில் நண்பர் ஒருவரின் மாமியார் வீடு பூதிகோட்டையில். தக்காளித் தோட்டம், காவலுக்கு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அன்று மத்தியானம் ஒரு பைக்கை இரவல் வாங்கி, அதே தோள்பையில் குட்டியை வைத்தேன். அது ஊர்சுற்றப் போகிறோம் என்று நினைத்து என் காதை நக்கியது. நைனா எழுந்து உட்காரவில்லை. "சாப்டுச்சா?" என்று கேட்டார்.

"சாப்டுச்சு நைனா."

"தண்ணி வெச்சியா?"

"வெச்சேன்."

ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை தரை காய்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமையும் காய்ந்திருந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் தீர்ப்பு இருந்தது. நானும் ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை நான் எழுந்து முன்னறைக்கு வந்தபோது, நைனா தரையில் மண்டியிட்டிருந்தார். ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் அவர் வேட்டி. அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பு, ஒரு மூச்சு. மறுபடி ஒரு இழுப்பு. காலடிச் சத்தம் கேட்டு, திரும்பாமலே சொன்னார்:

"நாய் பண்ணிச்சுடா."

சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை நின்றுவிட்டது.

கல்யாண வீடோ சாவு வீடோ, எங்கே போனாலும் சொல்வதற்கு என்னிடம் ஒரு வேடிக்கை இருக்கும். ஊரில் எனக்கு அந்தப் பேர்தான். அன்றைக்கு வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இரண்டு கையையும் அவர் அக்குளில் கொடுத்துத் தூக்கினேன். குட்டியைத் தூக்கிய கனம்தான் இருந்தார். கட்டிலில் உட்காரவைத்து, வேறு வேட்டி எடுத்துக் கட்டிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சந்து வரைக்கும் போறதுக்குள்ள மூச்சு நிக்குதுடா. போலாம் போலாம்னு எழுந்து ஒக்கார்றதுக்குள்ள ஆயிடுது. மொத நாளு நீ அத்த திட்ன. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. அப்பறம் சொல்ல முடியல."

"உடு நைனா."

"அது மேல தப்பே இல்ல. எல்லாத்தையும் கரெக்டா கத்துக்கினு இருந்துச்சு. நீ மூஞ்சியக் காட்டித் திட்னப்ப என்னயப் பாத்துச்சுல்ல. அதுக்குத் தெரியும், யார் பண்ணதுன்னு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஓடிப்போயி கூட்டியாந்துடுடா."

முதல் வண்டி கூவிக்கொண்டு போனது கேட்டது. நான் பூதிகோட்டைக்குப் போனேன்.

தோட்டத்து அம்மா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"திங்கக்கெழம காலைலயே கயித்த கடிச்சிகினு பூட்ச்சுபா. களி வெச்சோம், மூந்து கூட பாக்கல. பால் ஊத்துனோம், அதையும் தொடல. சோறு மாறுனதால ஒத்துக்கலையோ இன்னாவோ. ஒனக்கு போன் பண்ண எங்களுக்கு மூஞ்சி இல்ல. தேடிகினுதான் கீறோம்."

வரப்பு வரப்பாகப் போனேன். ஏரிக்கரை, செங்கல் சூளை, பங்காருபேட்டைக்குப் போகிற ரோட்டின் இரண்டு பக்கமும். நாங்கள் குட்டிக்குப் பேரே வைத்திருக்கவில்லை. நான் சொன்ன பேர் மனைவிக்குப் பிடிக்கவில்லை, அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, வைத்துக்கொள்ளலாம், எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டோம். புதருக்குப் புதர் நின்று "டேய், டேய்" என்று கூப்பிட்டேன். ஆடு மேய்க்கிற ஆள் ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, இன்னா வேணும் என்று சண்டைக்கு வந்தார். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் கோபம் இறங்கி, தானும் என்னோடு கொஞ்ச தூரம் தேடினார். பொழுது சாயும்வரை தேடினேன். எங்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் மூடிபோட்ட ஒரு பாத்திரம் இருந்தது. மெத்தையின் மேல் ரப்பர் விரிப்பு. முன்னறைக்கு மனைவி தன் பழைய புடவையில் ஒரு திரை கட்டியிருந்தாள். அடுப்படியில் என் தட்டை வைத்தபடி, "மாமாகிட்ட நான் ஒண்ணும் கேக்கல. நீயும் என்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றாள். அவள் கண் வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று கெடு வைத்தவள் அவள். கொண்டுபோய் விட்டவன் நான். எங்களில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். நைனா உட்கார்ந்திருந்தார்.

"கெடச்சுதா?"

"அங்க ஜோரா கீது நைனா. தோட்டம் பூரா ஓடினு கீது. கூப்ட்டுப் பாத்தேன், வரமாட்டேன்னுடுச்சு. நம்ம ஊட்டுச் சோத்த விட அவங்க சோறு புட்ச்சிப்போச்சு அதுக்கு."

அவர் என் கால்சட்டையைப் பார்த்தார். முழங்கால்வரை புழுதி. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் ஒட்டுப்புல் முள் அப்பியிருந்தது. நின்ற இடத்தில் கூப்பிட்டுப் பார்த்தவன் காலில் அவ்வளவு முள் ஒட்டாது.

"இப்டி வா" என்றார்.

கட்டிலோரம் போய் நின்றேன். அவர் குனிந்து, மூச்சு வாங்கி வாங்கி, அந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தார். நான் அசையாமல் நின்றேன்.