மூட்டை பிரிக்காமல் மரபணு பார்க்கிறவன்

மரபணுவின் எந்த இடத்தை மெஷின் எத்தனை தடவை படித்தது என்று கேட்டுச் சொல்வது என் தொழில். பெண் கொடுக்க வந்தவர்களே புரியாமல் பஸ் ஏறிவிட்ட தொழில்.

ஒருவரின் ரத்தத்திலிருந்து மெஷின் படித்த கணக்கு, அழுத்திச் சுருக்கிய பெரிய கோப்பாக எங்களிடம் வரும். வேண்டிய இடத்தை மட்டும் அதில் கேட்டு வாங்க ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம் எழுதுவேன். கண் சிவந்த கம்ப்யூட்டர்க்காரர்களே, மிச்சம் உங்களுக்கே தெரியும்.

குத்தூசி

பெரம்பலூரில் எங்கள் ஆபீஸ் ஒரு மக்காச்சோள மண்டிக்கு மாடியில். புதிதாகச் சேர்ந்த கவிதா ஒரே ஓர் இடத்தைப் பார்க்க முழுக் கோப்பையும் விரிக்கப் போய், இடமில்லை என்று கம்ப்யூட்டர் மூச்சடைத்து நின்றது. தண்ணீர் மோட்டார் விஷயமாக மேலே வந்த மண்டிக்காரர் வேடிக்கை பார்த்தார். நான் ஸ்கிரிப்டை ஓட்டினேன். கோப்பு சுருங்கியபடியே இருக்க, கேட்ட எண் மட்டும் வந்து விழுந்தது. எப்படி என்று கேட்டார், சொன்னேன்.

"அட, மூட்டையப் பிரிச்சுக் கொட்டாம குத்தூசி போட்டுப் பாக்குறீங்க. இதத்தான சார் நானும் கீழ பண்றேன், எனக்கு ஏன் ஏசி இல்ல?"

பட்டப்பேர்

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் அஷ்ரஃப் என் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு நாள் எந்த இடத்தைக் கேட்டாலும் வெறும் கையை விரித்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் பார்த்தால், கோப்பில் குரோமோசோமின் எண்ணுக்கு முன்னால் 'chr' என்று மூன்று எழுத்து ஒட்டியிருக்கிறது. இவர் வெறும் எண்ணைக் கேட்டிருக்கிறார். சேர்த்ததும் எண்கள் மளமளவென்று கொட்டின. மனுஷன் எழுந்து நின்று கைதட்டினார்.

"எங்க ஊர்லயும் அத்தா பேர மட்டும் சொன்னா வூடு காட்ட மாட்டாங்க, பட்டப்பேரோட கேக்கணும்!"

ஜிலேபி

அரியலூர்ப் பக்கம் ஒரு கைக்குழந்தை. அடிக்கடி வலிப்பு, முடியெல்லாம் கொட்டுகிறது. வேறு எங்கோ எடுத்த மரபணு ரிப்போர்ட்டில் 'குறை ஏதும் இல்லை' என்றிருந்தது. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. அந்த ரிப்போர்ட்டின் கோப்பை எங்களுக்கு அனுப்பி, ஒரு ஜீனின் பெயரைச் சொல்லி, "அதுல மட்டும் பாருங்க தம்பி" என்றார்.

கேட்டேன். அந்த ஜீனில் ஓரிடத்தில் பூஜ்யம். ஸ்கிரிப்ட் தப்போ என்று மறுபடி கேட்டேன். அதே பூஜ்யம். மெஷின் அந்த இடத்தைப் படிக்கவே இல்லை; பார்க்காததையும் சேர்த்து 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த இடத்தை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். குறை அங்கேதான் இருந்தது. உடம்பு ஒரு வைட்டமினை மறுபடி எடுத்துப் பயன்படுத்த முடியாத குறை. அதையே தினமும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். வலிப்பு நின்றது, முடி முளைத்தது.

டாக்டரிடம் விசாரித்துக்கொண்டு குழந்தையின் அம்மா மாடி ஏறி வந்தார். இடுப்பில் குழந்தை, கையில் ஜிலேபிப் பொட்டலம். குழந்தை என் கீபோர்டை ஓங்கி அறைந்தது. தடுக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

"ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தப்ப அழுதுட்டே போனோங்க. இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்குத்தான் வூட்ல எல்லாரும் சிரிச்சோம்."

கழுத்து வலிக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்காத தொழில்தான் இது, ஆனாலும் காலையில் கம்ப்யூட்டரைப் போடும்போது கை என்னவோ துள்ளிக்கொண்டுதான் போகிறது.