சித்தப்பா பயிற்சிக்குப் போன புதன்கிழமை

என் சித்தப்பா பதினெட்டு வருடங்கள் ஐஸ் ஹொக்கி விளையாடிச் சம்பளம் வாங்கியவர். இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. அம்மாவின் தங்கையான என் சித்தி மருத்துவமனையில் தாதியாக வேலை செய்தபோது, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக வந்து படுத்திருந்த டொச்சுக்காரர், அதாவது ஜெர்மன்காரர், அவர். மூன்று கிழமை படுத்திருந்தார். அடுத்த வருடம் சித்தி அவரைத் திருமணம் செய்துகொண்டார். கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வியை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

"எத்தனை கோல் அடிச்சவராம்?"

சித்தி சொன்ன கணக்கு பதினெட்டு வருடங்களுக்கு மிகவும் சொற்பமாக இருந்தது.

"அப்ப என்னத்துக்கு அந்தாளுக்குச் சம்பளம் குடுத்தவங்கள்?" என்றாராம் அப்பா.

சித்தப்பா கோல் அடிக்கும் ஆள் இல்லை, தடுக்கும் ஆள். எதிரணிக்காரர் பனித்தரையில் காற்றைப்போலச் சறுக்கிக்கொண்டு வரும்போது குறுக்கே போய் நிற்பதும், அவர்களைச் சுவரோடு சேர்த்து இடிப்பதும், அவர்கள் இடித்தால் விழுந்து எழும்புவதும்தான் அவருடைய வேலை. ஐந்து ஊர்களின் அணிகளுக்காக அதைச் செய்திருந்தார். முன்பற்கள் நான்கும் அந்த வேலையில் போய்விட்டன. சில வேளைகளில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாகவே குத்துப்படுவார். நடுவர் அவரைக் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும் தண்டனை வாங்கில் கொண்டுபோய் இருத்துவார். மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டும். இது எனக்குப் பெரிய குழப்பம். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பெடியனைத் தள்ளி விழுத்தியதற்கு வீட்டுக்குக் கடிதம் வந்தது. யாரும் கைதட்டவில்லை.

பழைய ஆட்டங்களைச் சித்தப்பா கணினியில் போட்டுக் காட்டுவார். ஒன்றில் அவர் தலை பனியில் மோதி அசையாமல் கிடப்பார். பிறகு எழும்பி, தள்ளாடிக்கொண்டு ஓரத்துக்குப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் விளையாட வந்துவிடுவார். நானும் சோபாவில் ஏறி நின்று கைதட்டுவேன். அந்த இடம் வந்தால் சித்தி எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்தப்பா விளையாட்டை விட்டு நாலு வருடங்கள் ஆகியிருந்தன. விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் சறுக்குச் சப்பாத்துகளுக்குக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமைகளில் அவருக்கு விடுமுறை. அம்மா பேக்கரியில் பின்னேரம்வரை நிற்பதால் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது அவர் பொறுப்பு. நாங்கள் ஹம் நகரில் இருந்தோம். பள்ளியிலிருந்து வீட்டுக்குக் காரில் பத்து நிமிடங்கள்தான்.

அந்தக் குளிர்காலப் புதன்கிழமை கார் எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. நேரே போய் நெடுஞ்சாலையில் ஏறியது.

"எங்கே போகிறோம்?" என்று டொச்சில் கேட்டேன்.

"பயிற்சிக்கு. ஏற்கெனவே பிந்திவிட்டது" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் சோறும் வீட்டுப்பாடமும்தான் காத்திருந்தன.

அவர் கடைசியாக விளையாடிய ஊருக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஐஸ் மண்டபத்தின் பின்கதவால் உள்ளே போனோம். காவலாளி அவரைக் கண்டதும் சிரித்துக் கைகொடுத்தார். சித்தப்பா நிற்காமல் நடந்து உடைமாற்றும் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே இருபது இளைஞர்கள் காலுறை மாட்டிக்கொண்டும் மட்டைக்குப் பட்டி சுற்றிக்கொண்டும் இருந்தார்கள். ஈர உடுப்பும் ரப்பரும் கலந்த ஒரு மணம். மூலையில் இருந்த இடத்தை நோக்கிப் போனார். அங்கே இருந்தவன் என்ன ஏதென்று தெரியாமல் எழும்பி இடம் விட்டான். சித்தப்பா உட்கார்ந்து, தன் சப்பாத்தைக் கழற்றி, வாங்கின் கீழே கையை விட்டுத் துழாவினார்.

"என்னுடைய சறுக்குச் சப்பாத்தை யார் எடுத்தது?"

ஒருவன் மெல்ல வெளியே போய் அணியின் பயிற்சியாளரைக் கூட்டிவந்தான். அவர் முன்பு சித்தப்பாவுடன் ஒரே அணியில் விளையாடியவராம். வந்தவர் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டார்.

"இன்றைக்கு உனக்கு ஓய்வு. முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாரே."

சித்தப்பா முழங்காலைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை யார்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டுக் கதவு மணியை அடித்துவிட்டு, நான் திறந்ததும், 'மன்னிக்கவும், நீங்கள் யார்?' என்று கேட்பது அவருடைய வழமையான பகிடி. "நான் புதிய கோல்காப்பாளர்" என்றேன். இதற்கு எல்லாரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் என் சிரிப்பு மட்டும் கேட்டது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் எனக்குச் சூடான சொக்கலேற் பால் வாங்கித் தந்து, பனித்தளத்தைச் சுற்றிக்காட்டினார். திரும்பி வந்தபோது சித்தப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். முகம் வழமைபோல இருந்தது.

"பிள்ளைக்கு மண்டபத்தைக் காட்டலாம் என்று கூட்டி வந்தேன்" என்றார்.

பயிற்சியாளர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அப்படியா? இங்கே வருவதாக முதலே பேசியிருந்தீர்களா?"

அவர் தலைக்கு மேலால் சித்தப்பா என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து, ஆசிரியர் கேட்கும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. இவர்கள் ஏதோ அநியாயமாக அவரை விளையாட விடாமல் தடுக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஓமோம்" என்றேன் டொச்சில். "போன கிழமையே பேசினோம்."

பயிற்சியாளர் எங்களைப் போகவிட்டார்.

திரும்பும் வழியில் இருட்டத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனோம். பிறகு இன்னொன்றையும் தாண்டினோம். பாரவண்டிகள் தரித்து நிற்கும் ஓரிடத்தில் சித்தப்பா காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமல், இரண்டு கைகளாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். கண்ணாடியில் மழைத்துளிகள் விழுந்தன. துடைப்பானை அவர் போடவில்லை.

"இப்போது எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

இதையும் விளையாட்டென்று எடுத்துக்கொள்ள முயன்றேன். ஆனால் அவர் குரல் மிகச் சிறியதாக இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அப்படியொரு குரல் வந்து நான் கேட்டதில்லை. ஹம் நகரின் ஓரத்தில் உள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகும்போது நாங்கள் எங்கே இறங்குவோம் என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து வீடுவரைக்கும் வழி தெரியும். அடுத்த இறங்குவழி அதுதான், அங்கே திருப்பச் சொன்னேன். கோயிலுக்குப் பக்கத்து மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும்வரை ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் வாசித்துக்கொண்டு வந்தேன். 'இடது', 'நேரே', 'சிவப்பு விளக்கு' என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சொன்னபடி கேட்டார்.

வீட்டு வாசலில் அம்மாவும் சித்தியும் குளிரங்கியோடு நின்றார்கள். சித்தப்பாவின் கைபேசி சித்தி வீட்டு மேசையில் கிடந்திருக்கிறது.

"எங்கை போனனீங்கள்? ரெண்டு மணித்தியாலமாத் தேடுறம்" என்றார் அம்மா.

நான் முந்திக்கொண்டேன். "நான்தான் ஐஸ் ஹொக்கி பாக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு அழுதனான்."

அம்மா என் காதைப் பிடித்துத் திருகினார். சித்தி என்னை விடுவித்து அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு என் எதிரே நிலத்தில் இருந்தார்.

"பிள்ளை, சித்திக்கு உண்மையைச் சொல்லு. அவர் வழி பிழைச்சுப் போனவரோ?"

"இல்லை."

"ஏதும் வித்தியாசமாக் கதைச்சவரோ? உன்னைத் தெரியாத மாதிரி?"

"இல்லைச் சித்தி. நல்லாத்தான் இருந்தவர்."

சித்தி ஆறுதலடைவார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். நல்ல செய்தி சொன்னால் அழுகிற ஆட்களும் உண்டு என்று நினைத்து அவருடைய முதுகைத் தடவிவிட்டேன்.

வசந்த காலத்தில் சித்தப்பா காரை ஒரு பஸ் தரிப்பிடத்துக்குள் கொண்டுபோய் ஏற்றினார். அப்போது அங்கே ஒருவரும் நிற்கவில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம், என்னுடையதும்கூட. அதன்பிறகுதான் பரிசோதனைகள் வந்தன, நோயின் நீண்ட பெயர்கள் வந்தன. பதினெட்டு வருடங்கள் குறுக்கே போய் நின்று அடிபட்டதன் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

சித்தி அதை ஒரு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியவந்தது. எரிந்தபடி விட்டுவிட்டுப் போன அடுப்பு, ஒரே நாளில் மூன்று தரம் வாங்கிவந்த பாண், மறந்துபோன பெயர்கள். அம்மாவிடம் சொன்னார். "மனுசன் கல்லுமாதிரி இருக்கிறார், நீதான் வேலைக் களைப்பில கண்டபடி யோசிக்கிறாய்" என்று அம்மா சொல்லிவிட்டார். சித்தப்பாவின் அண்ணனும் அதையே சொன்னார். குடும்ப மருத்துவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். சித்தப்பாவோ பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்று நின்றார்.

சித்தி தனியாகக் கண்டதை, அவரைத் தவிர எங்கள் குடும்பத்தில் ஒரே ஓர் ஆள்தான் அந்தப் புதன்கிழமை நேரிலே பார்த்திருந்தது. அந்த ஆளிடம்தான் நிலத்தில் இருந்து கேட்டார், அந்த ஆளும் இல்லை என்றது. கதவுக்கு அப்பால் அம்மா சித்தப்பாவுக்குத் தேநீர் வேண்டுமோ என்று கேட்பது காதில் விழுந்தது. நான் சித்தியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.