ஏழு முடிச்சும் ஒரு பழைய ஜீப்பும்

எடைக்கல் சோதிக்கும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவருக்கு ஊர் வைத்த பெயர் ஏழுமுடிச்சார். எந்த மூட்டையைக் கட்டினாலும் ஏழு முடிச்சு போடுவார். வெயிலில் நடக்கும்போது தன் நிழலைத் திரும்பிப் பார்த்து, “நேத்தைவிட ஒரு விரற்கடை குறையுதே, எவன் எடுத்தான்?” என்று கேட்டாராம். கேட்கக்கூடிய ஆள்தான்.

அப்படிப்பட்டவர் ஓட்டை ஜீப் ஒன்றை வாங்கினாரென்றால் அதற்குக் காரணம் மகள். மலைமேல் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இப்போது எட்டாம் மாதம். மழை பாதையை அரித்துவிட்டது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிதான் ஏறும். “வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேம்மா” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வண்டியைப் பிரித்தவன் மெக்கானிக்கான மச்சான், மனைவியின் தம்பி. கழற்றிய ஒவ்வொரு சாமானிலும் மனைவியின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார் ஏழுமுடிச்சார், யாரும் மாற்றிவிடக் கூடாதென்று. பல் தேய்ந்த கியர் சக்கரம் ஒன்று உதவாது என்றான் மச்சான். அதையும் பொட்டு வைத்து, மற்ற பழைய இரும்போடு மூட்டை கட்டி வீட்டுக் கட்டிலடியில் தள்ளினார். கழித்ததையே துடைத்து நம் தலையில் கட்டமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்?

மாற்றுச் சக்கரம் தேடி அவர் ஏறி இறங்காத காயலான் கடை இல்லை. புதன்கிழமை ஒரு கடைக்காரர் தட்டை நகர்த்தி, “போன வாரம் வந்த சரக்கு” என்றார். தேய்ந்த பல், உள்விளிம்பில் சிவப்புப் பொட்டு.

ஏழுமுடிச்சாருக்கு ரத்தம் தலைக்கேறியது. வீட்டுக்கு ஓடி மூட்டையை இழுத்தார். ஏழு முடிச்சும் அப்படியே. தூக்கிப் பார்த்தார், அதே கனம். அப்படியானால் மூட்டை கட்டுவதற்கு முன்பே மச்சான் மாற்றிவிட்டான்.

வாசலில் ஜீப் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. மச்சான் அப்போதுதான் எதையோ துணியில் சுற்றிக்கொண்டு வந்தான்.

“எத்தனை சாமானை வித்த?”

“என்ன அத்தான் சொல்றீங்க?”

“பொட்டு சொல்லுதுடா.”

மச்சான் துணிப்பொட்டலத்தை பானெட்மேல் வைத்துவிட்டு நடந்தான். உள்ளே நல்ல கியர் சக்கரம் இருந்தது. நாலு ஊர் அலைந்து வாங்கியது. ஏழுமுடிச்சார் அதையும் முகர்ந்து பார்த்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. வேறு எந்த மெக்கானிக்கும் பாதியில் விட்ட வண்டியைத் தொடச் சம்மதிக்கவில்லை.

“உன் தம்பி கைவரிசையால பொண்ணு மலையிலேயே கிடக்கப் போறா” என்றார் மனைவியிடம்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. “அவன் இல்லீங்க. மூட்டையில இருந்து என் புடவைப் பெட்டியில எண்ணெய் இறங்கிச்சு. நான்தான் பழைய இரும்புக்குப் போட்டேன்.”

“அப்ப மூட்டையில?”

“செங்கல்.”

“முடிச்சு ஏழும் இருக்கேடி.”

“முப்பத்தஞ்சு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினவளுக்கு அதுகூட வராதா? சொன்னா ஒரு வாரம் விசாரணை வைப்பீங்க. அதான் சொல்லல.”

முப்பத்தொரு வருஷம் எடைக்கல்லைச் சோதித்தவரைச் செங்கல் ஏமாற்றிவிட்டது.

பட்டறையில் மச்சான் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே. அந்தக் கால்களிடம்தான் பேச வேண்டியிருந்தது.

“மச்சான், வித்தது உங்க அக்கா. தப்பு என்னுது.”

“காது கேக்கல அத்தான்.”

“தப்பு என்னுது.”

“குரல் மாத்தின சாமான் மாதிரி இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க.”

மூன்றாம் தடவையும் சொன்னார். “பொண்ணு காத்துட்டு இருக்காடா.”

மச்சான் வெளியே வந்தான். “அந்த நகப்பூச்சை எடுத்துட்டு வாங்க.”

இருட்டுமுன் சக்கரம் பல்லோடு பல் பொருந்தியது. வெள்ளிக்கிழமை இருவருமாக ஏறினார்கள். மூன்று வளைவில் ஜீப் முக்கியது, ஒன்றிலும் நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் மகள் பெட்டியோடு நின்றாள். ஏறி உட்கார்ந்ததும் அப்பாவின் கையைப் பார்த்தாள்.

“கட்டைவிரல் நகத்துல என்னப்பா சிவப்பா?”

“அப்பாவை யாரும் மாத்திடக் கூடாதில்ல, அதான் அடையாளம் வச்சேன்” என்றான் மச்சான்.

ஏழுமுடிச்சார் சிரிக்கவில்லை. மகளின் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டே முடிச்சு.