கழுதைக் குரலுக்குச் சிரித்த குழந்தை

2005-ஆம் வருடம், சித்திரை மாத வெயில். சுனாமி வந்துபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே போகும் மண் பாதையில், சைலன்சர் உடைந்த ஒரு மொபெட்டில், குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை விற்றுக்கொண்டிருந்தேன்.

உப்பளத்தில் போய் எவனாவது புத்தகம் விற்பானா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஊருக்குள் விற்றுப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனேன். வீடு என்றால் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திவிடுவார்கள். உப்பளத்தில் சாத்துவதற்குக் கதவு கிடையாது.

என் சட்டைப்பையில் இருந்த அட்டையில் 'மழலைக் கல்வி ஆலோசகர்' என்று போட்டிருந்தது. பி.காம். படிப்பில் மூன்று பேப்பர் பாக்கி. கல்யாணம் ஆகவில்லை. ஒரு கைக்குழந்தையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்றுகூட எனக்குத் தெரியாது. பாண்டியில் ஒரு மாடியறையில் ஒருநாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தையும் திணித்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வயதுக்குள் குழந்தைக்குப் படத்தைக் காட்டி, விரல் வைத்து, பேர் சொல்லி, முகம் பார்த்துப் பேசினால் சொற்கள் மனதில் பதியும் என்று அதில் எழுதியிருந்தது. பிரசுரத்தில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. பொய்யெல்லாம் என் வாயில் இருந்தது.

வியாபாரத்துக்கு நான் வைத்திருந்த சரக்கு மிமிக்ரி. பக்கத்தைப் புரட்டப் புரட்ட யானை, காக்கா, சேவல் என்று எல்லாம் என் தொண்டையிலிருந்து வரும். அதில் கழுதைதான் என் உச்சம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை பத்து மணிக்கு உப்பு வாருகிற பெண்கள் வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு, கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். அதுதான் என் நேரம். முதல் நாள் போய்க் கழுதையை அவிழ்த்துவிட்டேன். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். வயதான ஒரு பெண், "ஏம்பா, இது உன் புக்குல இருக்குதா, வவுத்துல இருக்குதா?" என்றார்.

ஆனால் ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. ஓர் அம்மாவின் மடியில் உட்கார்ந்து, என் வாயையே கண்கொட்டாமல் பார்த்து, உடம்பு குலுங்கச் சிரித்தது. நான் இன்னொரு முறை கத்தினேன். மறுபடியும் சிரிப்பு. இருபத்தாறு வருட வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ரசிகை.

"எல்லாத்துக்கும் நல்லா சிரிப்பா சார். பேச்சுதான் வரல" என்றார் அதன் அம்மா. அனுமந்தைப் பக்கம் குப்பத்தில் வீடு. கணவர் உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுபவர்.

"எத்தினி வயசுக்கா?"

"ரெண்டு ஆவப் போவுது. அலை வந்தன்னிக்கு இவளத் தூக்கினு ஓடினேன். அந்த பயத்துல வாய் கட்டிப்போச்சுன்றாங்க. மந்திரிச்சு முடி கயிறு கூட கட்டியாச்சு."

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் அலைதான் காரணம். மாடு பால் குறைத்தால் அலை. மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வராவிட்டால் அலை. கடலுக்குப் பத்து மைல் தள்ளி வசிக்கும் நானே, பேப்பர் பாக்கிக்கு அதைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு குழந்தை பேசவில்லை, காரணம் அலை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை.

பிறகு அந்த அம்மா கேட்டார். "பாண்டி பெரியாஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிடலாம்னு அவரு சொல்றாரு. இன்னா சார் சொல்றீங்க? நீங்க படிச்சவங்க."

நான் படித்தவன். அந்த வார்த்தை தலைக்கேறியதா, புத்தகம் விற்காமல் போய்விடுமோ என்ற பயமா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. "ஆஸ்பத்திரி எதுக்குக்கா? பயந்த புள்ளைக்கு ஊசி போட்டா இன்னும் பயந்துடும். இந்த புக்கை தெனம் காட்டுங்க. ஆறே மாசம், உங்க காது புளிக்கிற அளவுக்குப் பேசும்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம்கூட நாக்குக் கூசவில்லை.

அவர் புத்தகம் வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அதன் பிறகு மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் போவேன். அவரைப் போலப் புத்தகம் காட்டியவரை நான் பார்த்ததே இல்லை. கஞ்சி குடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையை எதிரே உட்காரவைத்து, படத்தில் விரல் வைத்துப் பேர் சொல்வார். உப்புத் தண்ணீர் பட்டுப்பட்டு அட்டையின் ஓரமெல்லாம் உப்பிப்போயிருந்தது. ஒவ்வொரு படத்திலும் விரல் படுகிற இடத்தில் சாயம் வெளுத்திருந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. ஒட்டகச்சிவிங்கியை 'நெட்டை மாடு' என்பார். ரயிலுக்கு 'நீட்டு பஸ்'. நான் ஆலோசகர் அல்லவா, திருத்தப் போனேன். "எனக்கு வாய்க்குள்ள நுழையாத பேர அவ எப்டி சார் சொல்லுவா?" என்றார். ஒட்டகச்சிவிங்கியை அப்படியே விட்டுவிட்டேன்.

குழந்தையும் கெட்டிக்காரி. தானே ஒரு படத்தில் விரல் வைக்கும். வைத்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் அம்மாவின் வாயைப் பார்க்கும். மழைக்கு முன்பு நான் போன கடைசித் தடவை, அவர் 'காக்கா' என்றதும் குழந்தையின் உதடுகளும் இரண்டு முறை திறந்து மூடின. சத்தம் வரவில்லை.

"பாத்தீங்களா சார்! தொண்டை வரைக்கும் வந்துடுச்சு!" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பிரம்மதேசம், வானூர் என்று போன இடமெல்லாம், "மரக்காணத்துல ஒரு புள்ள, வாயே திறக்காதது, நம்ம புக்கைப் பாத்துப் பேச ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லி வியாபாரமும் செய்தேன்.

மழைக்காலத்தில் உப்பளங்கள் தண்ணீரில் கிடக்கும், வேலை இருக்காது. நான் திரும்பப் போனது 2006 பிப்ரவரியில். பாத்திகளில் அப்போதுதான் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது. என் மொபெட் சத்தத்துக்கு அங்கிருந்த கொக்குகள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன. ஒரு நாய் எழுந்து குரைத்தது. தூரத்துப் பாத்திகளில் குனிந்திருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

வரப்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் குழந்தை குந்தியிருந்தது. உப்புக் கட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரம்தான். திரும்பவில்லை.

விளையாட்டு மும்முரம் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டுக் கழுதையை எடுத்துவிட்டேன். கொட்டகையிலிருந்து, "வந்துடுச்சுய்யா கழுதை!" என்று கத்தினார்கள். குழந்தை இன்னொரு கட்டியை எடுத்து வைத்தது. கிட்டே போய்க் கத்தினேன். கை தட்டினேன். அதன் தலைக்கு நேர் பின்னால் நின்று, என் உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன்.

என் நிழல் உப்புக் கட்டிகள்மேல் விழுந்தது. அப்போதுதான் திரும்பியது. என் முகத்தைப் பார்த்தது. என் வாய் திறந்திருந்தது அல்லவா, உடனே உடம்பு குலுங்கச் சிரித்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். பத்து மாதமாக அது சிரித்தது என் சத்தத்துக்கு இல்லை. ஒருவன் வாயைக் கோணலாகப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். "மூணு ஆவப் போவுது சார். இன்னும் சத்தம் வரல. நான் எதுனா தப்பா காட்டுறனா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "இல்லக்கா, நல்லாத்தான் காட்டுறீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்து வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வானூர்ச் சந்தையில் ஒருநாள், இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், "இதக் காட்டினா புள்ள பேசுமாங்க?" என்று கேட்டார். ஆயிரம் தடவை சொன்ன பதில்தான். வாயைத் திறந்தேன், வரவில்லை. புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனேன்.

கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். நான் கழுதை போடாமல் வந்து நின்றதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது.

"அக்கா, பாப்பாவுக்குக் காது கேக்கலன்னு நினைக்கிறேன்."

"இன்னா?"

மறுபடியும் சொன்னேன். அந்த வயதான பெண் கஞ்சி தீர்ந்த அலுமினியக் குண்டானையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்த குழந்தையின் பின்னால் போய்க் கரண்டியால் குண்டானில் ஓங்கி ஒரு அடி அடித்தார். எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை கோட்டை நீட்டிக்கொண்டே போனது. இன்னொரு அடி. இன்னொன்று.

"போதும், நிறுத்து" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

அதுவரை நான் 'சார்'.

"போனவாட்டி வந்தப்ப."

"போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டனே. அப்ப இன்னா சொன்ன?"

பின்னாலிருந்து ஒருத்தி, அச்சு அசல் என் குரலிலேயே, "ஊசி போட்டா இன்னும் பயந்துடும்னான்" என்றாள். நல்ல மிமிக்ரி. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாண்டிக்குப் போனோம். அப்பா, அம்மா, குழந்தை, கூடவே நான். வரச்சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழந்தையின் அப்பா மூட்டை சுமந்து காய்த்துப்போன தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தே வந்தார்.

காதுப் பிரிவில் என்னென்னவோ கருவிகள் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர் கூப்பிட்டார். அவர் அறைச் சுவரில் விலங்குகள் படம் ஒன்று மாட்டியிருந்தது. குழந்தை நேரே அதனிடம் ஓடி, காக்கா மேல் விரல் வைத்து, திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தது. அம்மாவுக்கு அழுகையில் வாய் திறக்கவில்லை. குழந்தை விரலை எடுக்காமல் காத்திருந்தது. பிறகு தானே உதடுகளை இரண்டு முறை திறந்து மூடிக் காட்டியது, அம்மாவுக்கு மறந்துபோயிருக்கும் என்பது போல.

"படம் காட்டி இப்படிச் சொல்லிக் குடுன்னு யாரும்மா சொன்னது?" என்றார் டாக்டர்.

அந்த அம்மா என் பக்கம் கை காட்டினார். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்த ஒரு நொடி நான் பாராட்டு வாங்கிக்கொள்ள நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டாக்டர் சொன்னார். "நல்ல காரியம்தான். எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்குதுன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா அந்தப் பேரெல்லாம் இவளுக்கு வாய் அசைவாத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. கொஞ்சம் கேக்கிற சக்தி இருக்குது. ஒரு வருஷம் முன்னாடி வந்து காது மெஷின் மாட்டியிருந்தா, நீங்க சொன்ன ஒவ்வொரு பேரும் காதுல விழுந்திருக்கும். இந்த வயசுல ஒரு வருஷம்ன்றது ரொம்பப் பெருசு."

திரும்பி வரும்போது, கோட்டக்குப்பம் தாண்டியதும் அந்த அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பாமலேயே சொன்னார். "உன் கழுத சத்தம் நல்லாவே இருக்காது. எம்புள்ளைக்கு மட்டும்தான் அது கேக்கல."

மெஷின் வந்தது. நெஞ்சில் ஒரு துணிப்பை, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அந்த அம்மா பழைய புத்தகத்தையே எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை, "இனிமே நீ வராத. உன்னப் பாத்தா அந்த வருஷம்தான் கண்ணு முன்னால வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் போகவில்லை. அந்த வேலையையும் விட்டுவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து, திண்டிவனம் பஸ்ஸில் அந்தக் குண்டான் அடித்த பெண்ணைப் பார்த்தேன். குழந்தை சிறப்புப் பள்ளியில் படிக்கிறதாம். பேசுகிறதாம், ஆனால் அது பேசுவது அம்மாவுக்கு மட்டும்தான் விளங்குமாம். மேலே எதுவும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சிறு குழந்தையோடு வருகிறவர்கள் யாராவது பேச்சு வரவில்லை என்றால், படப் புத்தகம் வாங்கிக் காட்டுங்கள், ரொம்ப நல்லது என்று சொல்வேன், ஆனால் அதற்கு முன் பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள், திரும்பாவிட்டால் என்னைப் போன்றவன் பேச்சை எல்லாம் கேட்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்பேன். நான் வேடிக்கை செய்வதாக நினைத்துச் சிலர் சிரிக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க உளறிக்கொட்டியவன் நான், உண்மையைச் சொன்னாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்று, இன்னொரு முறை அதையே சொல்கிறேன்.