மூன்றாவது புள்ளி

வெள்ளைப் பலகையில் மூன்று சிவப்புப் புள்ளிகள். அண்ணையை நினைத்தால் அவைதான் முதலில் தெரிகின்றன. கூடப் பிறந்தவர் அல்லர். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் என்னோடு அலுவலக அறையைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்துக்காரர். இருவரும் ஒப்பந்த ஆய்வாளர்கள்.

எங்கள் வேலையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இழைக் கோட்பாட்டின்படி நம் கண்ணுக்குத் தெரியாத ஆறு பரிமாணங்கள் எங்கும் சுருண்டு கிடக்கின்றன. அண்ணை எடுத்துக்கொண்ட வகையில், அந்தச் சுருண்ட வெளி கூர்ந்து பழுதாகும் புள்ளிகளில்தான் பொருளின் துகள்கள் தோன்றும். புள்ளிக்கு ஒரு குடும்பம். இயற்கையில் இருப்பவை மூன்று குடும்பங்கள். அண்ணைக்கும் சரியாக மூன்று புள்ளிகள் வந்தன. நான்கு வருட உழைப்பு. ஒப்பந்தம் முடியும் நேரத்தில், அந்தக் கட்டுரையை நம்பி நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். தோர்ண்டன் ஹீத் வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். நானும் விண்ணப்பித்திருந்தேன், கிடைக்காது என்று தெரிந்தே.

கட்டுரை அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். சொன்னதை மட்டும் செய்கிற ஆளா நான்? கணக்கையும் பார்த்தேன். வெளியை மடித்து ஒட்டும்போது முதலாவது புள்ளியும் மூன்றாவதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒரே புள்ளியை அண்ணை இரண்டு தரம் எண்ணியிருந்தார்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. மனோர் பார்க்கில் இருந்த என் வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் திரும்பத் திரும்ப எண்ணினேன். பாழாய்ப்போன கணக்கு எத்தனை தரம் பார்த்தாலும் இரண்டிலேயே நின்றது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

அண்ணை பலகையில் அந்த மடிப்பைத் தானே ஒரு தரம் போட்டுப் பார்த்தார். பிறகு மூன்றாவது புள்ளியை விரலால் அழித்தார்.

“ஓம், ரெண்டுதான். இன்டர்வியூவிலை நானே சொல்லுறன்.”

கட்டுரையையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்போது ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறார்.

பதவி எனக்குக் கிடைத்தது. பிறர் கண்ணில் படாத பிழையைப் பிடிக்கும் திறமைக்காக என்றார்கள். பிழையைச் சொன்ன அண்ணை, அதைப் பிடித்தது யாரென்றும் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டே அவருக்குப் போன் எடுத்தேன்.

“உண்மையைத்தானே சொன்னனான், தங்கச்சி,” என்றார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், நான் செய்த குற்றம் என்று ஒன்றும் இருக்கவில்லை.